அழிப்பு நிலுவையில் உள்ளது

எங்கள் அலுவலகத்தில் எனக்குச் 'சின்னாபின்னம்' என்று பெயர். நேரில் சொல்ல யாருக்கும் தைரியம் கிடையாது. எனக்குக் காது கேட்காது என்று நினைத்துக்கொண்டு முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். ஆவண அறை என் பொறுப்பு. காலக்கெடு முடிந்த கோப்புகளைப் பட்டியலோடு சரிபார்த்து, காகிதம் அரைக்கும் இயந்திரத்தில் போட்டுப் பொடிப்பொடியாக்குவதுதான் வேலை. பத்தொன்பது வருடமாகச் செய்கிறேன். அரைத்து முடித்ததும் ஒரு சீட்டில் 'அழிக்கப்பட்டது' என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டுப் பெட்டியின் மேல் ஒட்டுவேன். அந்தச் சீட்டு இருந்தால் அதற்கு மேல் கேள்வி கிடையாது. மேலதிகாரியே வந்தாலும் பெட்டியைத் திறந்து பார்க்க மாட்டார்.

அதனால் என் பழைய லேப்டாப்பை விற்க முடிவு செய்தபோது, அழிப்பதைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை என்று நினைத்தேன். பழம் தின்று கொட்டை போட்டவள் அல்லவா! ஒரு விடுமுறை நாள் முழுக்க உட்கார்ந்து, இருந்த கோப்புகளை எல்லாம் ஒன்றுவிடாமல் திரையில் இருந்த குப்பைத்தொட்டிப் படத்துக்குள் இழுத்துப் போட்டேன். பிறகு தொட்டியையும் காலி செய்தேன். கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி திரை பளிச்சென்று இருந்தது. பழக்கதோஷம், ஒரு சீட்டும் எழுதி மூடியின் மேல் ஒட்டினேன்.

பழைய லேப்டாப் வாங்கி விற்கும் கடைக்காரரை எல்லோரும் 'ஸ்க்ரூ' என்பார்கள். பேசும்போதுகூட உதட்டில் இரண்டு ஸ்க்ரூவைக் கவ்விக்கொண்டிருப்பார்.

"எல்லாத்தையும் அழிச்சாச்சா மேடம்?" என்று கேட்டார்.

"சீட்டைப் பாருங்க."

படித்துப் பார்த்துச் சிரித்தார். "கையெழுத்தே போட்டுட்டீங்க. அப்புறம் என்ன?"

நான் அவ்வளவு மெனக்கெட்டதற்குக் காரணம் என் தங்கை. அவள் புருஷனை விட்டு என் வீட்டுக்கு வந்து நின்ற அன்று, அவள் உடம்பிலிருந்த காயங்களை வழக்கறிஞர் படம் எடுத்து வைக்கச் சொன்னார். நான்தான் எடுத்தேன். கழுத்து, தோள், விலா என்று மொத்தம் முப்பத்தோரு படம். எந்தெந்த நாளில் என்ன நடந்தது என்று அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே சொல்ல, நான் அந்த லேப்டாப்பில் தட்டச்சு செய்தேன். படங்களும் அதில்தான் இருந்தன. அந்த வழக்கு முடிந்து நாலு வருடம் ஆகிறது. இப்போது மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள், பழையபடி வாயாடுகிறாள், என்னைக் கிண்டல் செய்கிறாள். அந்தப் படங்களைப் பற்றி அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "வேற யார் கண்ணுலயும் அது படக் கூடாதுக்கா." நான் தலையாட்டியிருந்தேன்.

லேப்டாப்பை விற்று மூன்று மாதம் இருக்கும். ஒரு புதன்கிழமை மதியம், சாப்பாட்டு இடைவேளையில், என் போனில் அழிப்புப் பட்டியலுக்கு ஒரு மாதிரிப் படிவம் தேடலாம் என்று 'அழி' என இரண்டு எழுத்துப் போட்டேன். நான் ஏற்கெனவே தேடியது என்று சொல்லி, கீழே ஒரு வரியைப் போன் எடுத்துக் கொடுத்தது. 'அழிந்த கோப்பை மீட்பது எப்படி.'

நான் அப்படி எதையும் தேடவில்லை. அந்த வரியைத் தொட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணிக்குத் தேடியது என்று காட்டியது. அதன் மேலேயே இன்னும் இரண்டு. 'அழித்தது லேப்டாப்பில் எங்கே இருக்கும்.' 'அழிந்ததைத் திரும்ப எடுத்துப் பார்க்க என்ன செய்ய.' தேடிய இடம் என் பழைய லேப்டாப்.

சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டுக் கணினிப் பிரிவுக்கு ஓடினேன். அங்கே இருப்பவர் நல்ல மனிதர், ஆனால் எதையும் நிதானமாகத்தான் சொல்வார்.

"தொட்டியைக் காலி பண்ணினா அழியாது மேடம். நீங்க புத்தகத்துல பொருளடக்கத்தை மட்டும் கிழிச்சிருக்கீங்க. பக்கமெல்லாம் அப்படியேதான் இருக்கும். தேடத் தெரிஞ்சவன் எடுத்துடுவான்."

"என் போன்ல ஏன் அவன் தேடறதெல்லாம் வருது?"

"உங்க கணக்கை அதுலேருந்து எடுக்கவே இல்லையே. நீங்க இன்னும் உள்ளேதான் உட்கார்ந்திருக்கீங்க." பிறகு, நான் அழுதுவிடுவேனோ என்று பயந்தவர்போல அவசரமாகச் சொன்னார். "அதுவும் ஒருவகையில நல்லதுதான். இங்கேருந்தே அதை முழுசா அழிக்கச் சொல்லிக் கட்டளை அனுப்பலாம்." எந்த இடத்தில் அழுத்த வேண்டும் என்று காட்டினார்.

அன்று மாலையே தங்கை வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் வெளுத்துவிட்டது. கை தானாகப் போய்க் கழுத்தைத் தொட்டது. நாலு வருடமாக நான் பார்க்காத பழக்கம் அது.

"அழுத்துக்கா. இப்பவே அழுத்து."

அழுத்தினேன். எல்லாம் நிரந்தரமாக அழிந்துபோகும், உறுதிதானா என்று போன் கேட்டது. ஆம். திரும்பப் பெற முடியாது, சம்மதமா என்றது. ஆம். கடைசியாக ஒருமுறை கேட்டது. ஆம், ஆம், ஆம். அழிந்த பிறகு அந்தத் திரையில் காட்ட ஏதாவது எழுதலாம், தொடர்புக்கு எண்ணும் கொடுக்கலாம் என்றது. கோபம் எனக்கு மூக்கு நுனியில் நிற்கும், கேட்க வேண்டுமா? 'அடுத்தவர் அந்தரங்கத்தைத் தோண்டிப் பார்ப்பவனுக்கு வெட்கமாக இல்லையா' என்று எழுதி, என் எண்ணையும் போட்டேன். தைரியம் இருந்தால் கூப்பிடட்டும் என்று நினைத்தேன்.

போன் ஒரு வரி காட்டியது. 'அழிப்பு நிலுவையில் உள்ளது. சாதனம் அடுத்த முறை இணையத்தில் இணைந்ததும் தொடங்கும்.'

மறுநாள் காலை பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது. அவன் வேறு என்னவெல்லாம் தோண்டியிருக்கிறான் என்று பார்க்கலாம் என்று, அந்தத் தேடல்களை முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். எல்லாமே ஞாயிற்றுக்கிழமைகளில் தேடியவை. வாரத்தில் ஒருநாள்தான் அந்த லேப்டாப்புக்கு இணையம் கிடைக்கும்போல. வாரம் முழுக்கச் சேர்த்து வைத்த சந்தேகங்களை மொத்தமாகக் கேட்டிருந்தான் அந்த ஆள்.

முதல் ஞாயிறு: 'லேப்டாப்பில் கட்டம் போடுவது எப்படி.' 'கட்டத்தில் ஒரு வரி சேர்க்க.' 'நிமிடம் நொடி எழுதுவது எப்படி.' அதற்கடுத்து 'பிள்ளைக்கு வலிப்பு எத்தனை நிமிடம் நீடித்தால் ஆபத்து.'

போனை மடியில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தேன். பிறகு எடுத்துப் படித்தேன். 'ஒரு நாளில் ஏழு முறை வலிப்பு வந்தால்.' 'வலிப்பு வரும்போது வீடியோ எடுப்பது தப்பா.' 'டாக்டர் கேட்டால் எடுக்கலாமா.' 'போனில் இடம் இல்லை வீடியோவை லேப்டாப்பில் ஏற்றுவது எப்படி.' இன்னொரு ஞாயிறு: 'தொண்ணூறு நாள் கூட்டினால் என்ன தேதி.' அதற்கு அடுத்த வாரம் 'மகள் பள்ளியில் பயப்படும் பிள்ளைகளுக்கு வலிப்பு பற்றி எப்படிச் சொல்வது.'

கடைசி ஞாயிற்றுக்கு வந்தேன். நான் பார்த்த மூன்று வரிகளுக்கும் முன்னால், பத்து நிமிடத்துக்கு முன்பு தேடியது ஒன்று இருந்தது. 'எழுதியதைச் சேமிக்காமல் மூடிவிட்டேன்.'

அந்த மனிதர் தன்னுடைய ஒருநாள் எழுத்தைத்தான் தேடியிருக்கிறார். என் தங்கையின் படங்கள் அந்த லேப்டாப்பில் இருப்பதே அவருக்குத் தெரியாது. நாலு வரி கீழே தள்ளிப் படித்திருந்தால் எனக்கு இது புதன்கிழமையே தெரிந்திருக்கும். படிக்கவில்லை. கோபம் வந்தால் எனக்குக் கண் தெரியாது. அவசரக் குடுக்கை என்று அம்மா என்னைத் திட்டியதெல்லாம் இந்த ஒரு நாளுக்காகத்தான் என்று தோன்றியது.

அலுவலகத்துக்குப் போகாமல், அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி லேப்டாப் நிறுவனத்தின் உதவி எண்ணுக்குப் போட்டேன். நடைபாதையில் நின்றபடி முக்கால் மணி நேரம் இசை கேட்டேன். பிறகு இணைப்பில் ஒரு பெண் வந்தாள். அவ்வளவு மரியாதையாக என்னிடம் யாரும் முடியாது என்று சொன்னது கிடையாது.

"ஒருமுறை அனுப்பிய கட்டளையைத் திரும்பப் பெற முடியாதுங்க. திருட்டுப்போன சாதனத்துக்கான ஏற்பாடு இது. திருடினவங்க அதை ரத்து பண்ணிடக் கூடாதுன்னுதான் இப்படி வச்சிருக்காங்க."

"நான் திருடி இல்லைம்மா. நான்தான் அனுப்பினவ."

"புரியுதுங்க. ஆனா அது சிஸ்டத்துக்குத் தெரியாதுங்களே."

"கணக்கையே மூடிட்டா?"

"கட்டளை ஏற்கெனவே பதிவாகிடுச்சுங்க. வேற ஏதாவது உதவி வேணுங்களா?"

லேப்டாப் எங்கே இருக்கிறது என்றாவது சொல்ல முடியுமா என்று கேட்டேன். அந்த வசதி அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றாள். அணைத்து வைத்தது நானேதான். என்னை யாரும் வேவு பார்க்கக் கூடாதாம்!

ஸ்க்ரூவின் கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது மூச்சு வாங்கியது. வாங்கியவர் யார் என்று கேட்டேன். உதட்டிலிருந்த ஸ்க்ரூவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"வர்றவங்க பேரெல்லாம் கேக்கறதில்லை மேடம். ஒருத்தர் வந்தார், ரொம்ப மெதுவா பேசுவார். 'எழுதி வைக்கிறதுக்கு மட்டும்தான், இது போதுமா'ன்னு கேட்டது ஞாபகம் இருக்கு. முகம் சரியா நினைவில்லை."

"நீங்க ஏன் சுத்தமா அழிக்காம வித்தீங்க?"

"நல்லா இருக்கே கதை! நீங்கதானே அழிச்சாச்சுன்னு எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு ஒட்டியிருந்தீங்க? நான் பாத்த வரைக்கும் அப்படி யாரும் குடுத்ததே இல்லை. அதான் நம்பிட்டேன்."

அவர் பாவம், ஒரு அட்டையை எடுத்துக் கொடுத்தார். 'மூன்று மாதம் முன்பு இங்கே லேப்டாப் வாங்கிய, வலிப்புள்ள பிள்ளையின் பெற்றோர் தயவுசெய்து அதை இணையத்தில் இணைக்காதீர்கள்' என்று எழுதி, என் எண்ணையும் போட்டுக் கடைக் கதவில் ஒட்டினேன். படித்தவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்து, நரம்பு மருத்துவம் பார்க்கும் மருத்துவமனைகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் செய்தேன். நோயாளி பெயர் என்ன என்று கேட்டார்கள். தெரியாது. அப்பா பெயர்? தெரியாது. எந்த டாக்டர்? தெரியாது. "அப்போ உங்களுக்குத்தான் ஏதாவது பிரச்சினையா?" என்று ஒருத்தி அக்கறையாகவே கேட்டாள்.

சனிக்கிழமை தங்கை வந்தாள். தேடல்களைக் காட்டினேன். கடைசிவரை படித்தாள். "நான்தானேக்கா அழுத்துன்னு சொன்னேன்" என்றாள். விரல் என்னுடையது என்றேன். அவருக்கு ஏதாவது செய்தி அனுப்ப முடியாதா என்று அவள் கேட்டாள். நானும் அதைத்தான் மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். என் கணக்கு வழியாக ஒரு குறிப்பு அனுப்பலாம். ஆனால் அது போய்ச் சேர அந்த லேப்டாப் இணையத்துக்கு வர வேண்டும். வந்தால் குறிப்புக்கு முன்னால் அழிப்பு போய் நிற்கும். அந்த வீட்டுக்குப் போக எனக்கு இருந்தது ஒரே கதவு, அந்தக் கதவைத் திறந்தால் வீடே இடியும்படி நானே வைத்திருந்தேன். இந்த வாரம் அவருக்கு இணையம் கிடைக்கக் கூடாது, இணைப்புப் பழுதாகட்டும் என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். யாரிடம் கெஞ்சினேன் என்று எனக்கே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கே இருவரும் சாப்பாட்டு மேசையில் போனை நடுவில் வைத்து உட்கார்ந்துவிட்டோம். பத்து மணி ஆனது. பத்தரையும் ஆனது. இன்றைக்கு இல்லையோ என்று தங்கை மெதுவாகச் சொன்னாள். எனக்கும் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

பதினொன்று பத்துக்குப் பட்டியலில் ஒரு வரி புதிதாக வந்தது. 'அட்டவணையும் வீடியோவும் டாக்டருக்குக் கொடுக்க பென் டிரைவில் ஏற்றுவது எப்படி.'

நான் "வேண்டாம், வேண்டாம், மூடுங்க, மூடிடுங்க" என்று போனைப் பார்த்துக் கத்தினேன். தங்கை என் தோளைப் பிடித்தாள். 'அழிப்பு தொடங்கியது' என்று வந்தது. இயந்திரத்தில் காகிதம் சிக்கினால் மின்சாரத்தைப் பிடுங்கிவிடுவேன். இங்கே பிடுங்க ஒன்றும் இல்லை. ஆறு நிமிடம்தான் ஆனது. 'அழிக்கப்பட்டது.'

பத்து நிமிடம் கழித்துப் போன் அடித்தது. தெரியாத எண்.

"வணக்கங்க." ஆண் குரல், மெதுவான குரல். "லேப்டாப்ல இந்த நம்பர் வருதுங்க. யாரோ தோண்டிப் பாத்ததா எழுதியிருக்கு. நாங்க யாரோடதையும் தோண்டலைங்க. கடையில வாங்கினது. நான்தான் எதையோ தப்பா அமுக்கிட்டேன்னு நினைக்கிறேன். எனக்கு இதெல்லாம் அவ்வளவா தெரியாதுங்க, சலவைக்கடையில இஸ்திரி போடறவன். போன வாரமும் இப்படித்தான் ஒண்ணைத் தொலைச்சேன். தப்பு ஏதாச்சும் ஆயிருந்தா மன்னிச்சுக்குங்க."

என் வாழ்நாளில் என்னிடம் நிறையப் பேர் மன்னிப்புக் கேட்டிருக்கிறார்கள், கேட்க வைத்திருக்கிறேன். இதைத் தாங்க முடியவில்லை.

"நீங்க ஒண்ணும் தப்பா அமுக்கலைங்க. நான்தான் அழிச்சேன்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். தங்கையின் படங்கள் என்று மட்டும் சொல்லவில்லை, எங்கள் குடும்பத்து விஷயம் என்றேன். அவர் தேடியதைத் தப்பாகப் படித்தேன் என்றேன். நாலு நாளாக அவரைத் தேடினேன் என்றேன். அது எனக்கே சாக்குப்போக்கு மாதிரி கேட்டது.

"சரிங்க" என்றார் அவர்.

திட்டியிருந்தால் எனக்கு எப்படி நிற்பது என்று தெரியும். இந்தச் 'சரிங்க'வுக்கு முன்னால் எனக்கு நிற்கத் தெரியவில்லை.

"எப்போ திரும்பி வருங்க அது?"

"வராதுங்க."

"வீடியோ?"

"அதுவும் வராது."

"போன்ல இடம் பத்தலைன்னு அதுல ஏத்திட்டு, போன்ல இருந்து எடுத்துட்டேங்க." நாளைக் கணக்குப் போட்டார். "இன்னிக்கு எண்பத்தாறாவது நாளுங்க. வர்ற வெள்ளிக்கிழமை டாக்டரைப் பாக்கணும். எப்போ வருது, எவ்வளவு நேரம் இருக்கு, முதல்ல எந்தக் கை இழுக்குது, எல்லாம் தொண்ணூறு நாளைக்கு வேணும்னார். அப்பத்தான் தலையில எந்தப் பக்கம்னு தெரியும், ஆபரேஷன் பண்ணலாமா கூடாதான்னு சொல்ல முடியும்னார். இதுக்கு முந்தி நோட்டுல எழுதி ரெண்டு தடவை பாதியில விட்டுட்டேன். பொறுப்பில்லாத ஆளுன்னு ஏற்கெனவே சத்தம் போட்டார்."

"நான் வந்து டாக்டர்கிட்ட சொல்றேன். தப்பு என்னோடதுன்னு எழுதியே குடுக்கறேன்."

"சொல்லலாங்க. அவர் என்னைத் திட்ட மாட்டார், அவ்வளவுதானே. பட்டியல் அவருக்கு வேணுமே" என்றார். குரலில் கோபமே இல்லை. உண்மையைத்தான் சொன்னார்.

புது லேப்டாப் வாங்கித் தருகிறேன், என்ன வேண்டுமானாலும் செய்கிறேன் என்று நான் உளறிக்கொண்டிருந்தேன். பாதியில் அவர் குரல் மாறியது.

"ஒரு நிமிஷங்க. பாப்பாவுக்கு வருது."

போனைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. நாற்காலி இழுபட்டது. ஏதோ பாத்திரம் உருண்டது. "அப்பா இங்கதான் இருக்கேன்டா, இங்கதான் இருக்கேன்" என்றார். பிறகு எண்ண ஆரம்பித்தார். "ஒண்ணு, ரெண்டு, மூணு." வேகமும் இல்லை, தடுமாற்றமும் இல்லை. எண்பத்தாறு நாள் எண்ணிப் பழகிய குரல். தங்கை எழுந்து வந்து என் பின்னால் நின்றுகொண்டாள். இருபது போனது, ஐம்பது போனது. போனை வைத்துவிடலாமா கூடாதா என்று தெரியாமல் காதிலேயே வைத்திருந்தேன். என்னால் செய்ய முடிந்தது ஒன்றும் இல்லை. அவர் எண்ண ஆரம்பித்ததிலிருந்து என் கண் சுவர்க் கடிகாரத்திலேயே இருந்தது.

நூற்றுப் பதினான்கில் எண்ணுவது நின்றது. அவர் மூச்சு வாங்குவது கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துப் போனை எடுத்தார்.

"நேரம் பாத்தீங்களா?"

"ஆரம்பிக்கும்போது பதினொண்ணு முப்பத்திரண்டு."

"எழுதிக்குங்க. என் கையில இப்போ பிள்ளை இருக்கு."

கையில் கிடைத்த காகிதத்தைத் திருப்பிப் போட்டு எழுதினேன். முதல் நாள். பதினொன்று முப்பத்திரண்டு. நூற்றுப் பதினான்கு நொடி. அடுத்து 'கை' என்று எழுதி நிறுத்தினேன். அவரே சொன்னார்.

"இடது கைங்க."